கார் பென்டிரைவில் நம் பழைய சிடி பாட்டுகள்: முதல் தடவை செய்பவர்களுக்கு

புதுக் கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அதில் சிடி போட இடமே இல்லை. அலமாரியிலோ இருநூறு சிடிக்கு மேல். பாதி சினிமாப் பாட்டு, மீதி கச்சேரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முப்பது சிடிகளைக் கணினியில் போட்டேன். உள்ளே தெரிந்த கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு மறுநாள் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். தாம்பரம் தாண்டியதும் பென்டிரைவைச் செருகினால் ஒரு சத்தமும் இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை எஃப்எம்தான்.

நான் நகலெடுத்தது பாட்டே இல்லை. ஆடியோ சிடியை விண்டோஸில் திறந்தால் ட்ராக்01, ட்ராக்02 என்று வரிசையாகத் தெரியும் அல்லவா, அவை 'சிடிஏ' கோப்புகள். ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு தட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். நிஜப் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அதைத் தட்டிலிருந்து 'ரிப்' செய்துதான், அதாவது மென்பொருளால் படித்துக் கணினிக் கோப்பாக மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: ஒரே தட்டில் நூறு பாட்டு என்று ஒரு காலத்தில் விற்றார்களே, அந்த எம்பி3 சிடிகள். அவற்றில் இருப்பது சாதாரணக் கோப்புகள்தான். அப்படியே நகலெடுத்தால் போதும்.

1. தேவையானவை

புது லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது சிடியையும் படிக்கும். மென்பொருளுக்கு, விண்டோஸ் என்றால் இலவசமாகக் கிடைக்கும் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி'. மேக் வைத்திருப்பவர்களுக்கு 'எக்ஸ்எல்டி'. நான் விண்டோஸ்காரன், அதனால் அந்த வழியைச் சொல்கிறேன்.

2. தட்டைத் துடைப்பது

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பாட்டின் தடம் சுருளாக ஓடுகிறது. அதன் போக்கிலேயே கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நிறையத் தகவல் போய்விடும். குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவே பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். இன்னொன்று, அடிப்பக்கத்தை மட்டுமே பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். ஆனால் பாட்டைத் தாங்கும் உலோகப் பூச்சு, படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் மீட்க முடியாது.

3. ரிப் செய்வது

மென்பொருளை முதல் முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். வேகம் வேண்டுமா, துல்லியம் வேண்டுமா என்ற இடத்தில் துல்லியத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த வடிவம் என்ற இடத்தில் 'ஃப்ளாக்'. சிடியில் இருப்பதில் எதையும் இழக்காமல், அளவை மட்டும் ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும் வடிவம் இது. நேரடியாக எம்பி3 எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் நாளைக்கு வேறு வடிவம் தேவைப்பட்டால் மறுபடியும் இருநூறு தட்டையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஃப்ளாக் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், காருக்கு அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளலாம்.

தட்டைப் போட்டு, எல்லாப் பாட்டுகளையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டும் எஃப்5-உம் சேர்த்து அழுத்துங்கள். கீறல் விழுந்த இடத்தில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், நேரமாகும், விட்டுவிடுங்கள்.

4. பெயர் வைப்பது

உண்மையான வேலை இங்கேதான். இணையத்திலிருந்து பாட்டுப் பெயர்களை மென்பொருளே எடுத்துத் தரும். தமிழ் சிடிகளுக்கு வருவதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே பாட்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வரும், சில சமயம் வேறு படத்தின் பெயரே வரும். உறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஒரு தட்டில் இரண்டு படப் பாட்டுகள் இருக்கும் சிடிகள் நம்மிடம் ஏராளம். அவற்றை அப்போதே இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள்.

ஃபோல்டரைத் தவிர, பாட்டுக் கோப்புக்கு உள்ளேயும் விவரங்கள் இருக்கின்றன. 'எம்பி3டேக்' என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திருத்தலாம், ஃப்ளாக்கையும் அது திறக்கும். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆர்ட்டிஸ்ட்டில் பாடியவர்கள், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர். இந்தக் கடைசி இடத்தைக் காலியாக விட்டால் பல ஸ்டீரியோக்களில் ஒரே படம் எஸ்பிபிக்கு ஒன்று, ஜானகிக்கு ஒன்று, ஜேசுதாஸுக்கு ஒன்று என்று துண்டு துண்டாகிவிடும்.

பெயர்களைத் தமிழில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நிறையக் கார் ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. ஒரு கோப்பில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் காரில் கட்டம்தான் வந்தது, ஆங்கில எழுத்துக்கு மாறினேன்.

5. காருக்கு எம்பி3

'ஃபூபார்2000' என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்து, பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலது க்ளிக்கில் கன்வெர்ட் கொடுங்கள். எம்பி3 ஆக மாற்றித் தரும் என்கோடர் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும், அதுவும் இலவசம். ஒலித் தரம் கேட்கும் இடத்தில் 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 256 கிலோபிட்) போதும். டயர் சத்தத்துக்கும் ஏசி சத்தத்துக்கும் நடுவில் அதற்கு மேல் வித்தியாசம் கேட்பதாக யாராவது சொன்னால் நான் வாதாட வரவில்லை. இந்த அளவில் ஒரு மணி நேரப் பாட்டு சுமார் 115 எம்பி. 32 ஜிபி பென்டிரைவில் இருநூறு சிடி தாராளமாக அடங்கும்.

கச்சேரி சிடி என்றால் ஒரு சிக்கல். ராகம், தானம், பல்லவி தனித்தனி ட்ராக்காக இருந்தாலும் தட்டில் இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3 ஆனதும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சின்ன விக்கல் விழும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே அப்படி வந்தால் எரிச்சலாக இருக்கும். அந்த மாதிரி உருப்படிகளை மட்டும் கன்வெர்ட் செய்யும்போது ஒரே கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஃபூபாரிலேயே அந்த வசதி உண்டு.

பழைய சிடிகள் மெதுவாகவும் புதியவை காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், 'எம்பி3கெயின்' என்ற மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும்.

6. பென்டிரைவில் ஏற்றுவது

ஃபேட்32 என்ற அமைப்பில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்யும்போது காட்டும் மற்ற அமைப்புகளான எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பல ஸ்டீரியோக்கள் படிப்பதில்லை. கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்க எண் இருக்கட்டும். அப்படியும் சில ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்க்காமல், எது முதலில் நகலானதோ அதை முதலில் பாடும். அதனால் இடையில் பாட்டு சேர்க்க வேண்டியிருந்தால் பென்டிரைவைக் காலி செய்துவிட்டு மொத்தமாக மறுபடி ஏற்றுவதுதான் நல்லது.

இருநூறு சிடியையும் முடித்துவிட்டுத்தான் காருக்குப் போவேன் என்று இருக்காதீர்கள். முதலில் ஐந்து சிடி மட்டும் செய்து, வீட்டு வாசலிலேயே காரில் போட்டுப் பாருங்கள். பெயர் தெரிகிறதா, வரிசை சரியா, கச்சேரி விக்குகிறதா. சரியாக இருந்தால் அப்புறம் மீதியைத் தொடங்கலாம்.