பேஸ் அம்பிளிபயரின் சீறலைக் குறைக்க

கல்லடியில் அண்மையில் ஒரு கொண்டாட்டத்துக்கு மேடை அமைத்தபோது, பாட்டுத் தொடங்குமுன்பே பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயரின் 'ஸ்ஸ்' என்ற சீறல் பின்வரிசை வரை கேட்டது. இது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸால் வரும் 'ம்ம்' என்ற உறுமலன்று. உறுமலுக்கான பரிகாரம் வேறு.

முதலில் கிட்டார் வயரை அம்பிளிபயரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். சீறல் அடங்கினால் குற்றம் கிட்டாரிலோ இடையிலுள்ள, ஒலியை மாற்றும் பெடல்களிலோ இருக்கிறது. அடங்காவிட்டால் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் நிற்காத சீறல் ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் பிறப்பது, அதைத் திருத்துநரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மாஸ்டரைக் குறைத்ததும் நின்றுவிட்டால், உள்வரும் ஒலியை முதலில் பெருக்கும் கெயின் அளவைச் சரிபார்க்க வேண்டும். நம்மில் பலர் கிட்டாரின் ஒலியைப் பாதியில் வைத்துக்கொண்டு கெயினை முழுதாகத் திருகுகிறோம். இதனால் இசையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. கிட்டாரின் குமிழை முழுமையாகத் திறந்து, பலமாக வாசித்தாலும் ஒலி அளவுமீறிச் சிதைவதைக் காட்டும் கிளிப் விளக்கு எரியாத அளவில் கெயினை நிறுத்தி, தேவையான சத்தத்தை மாஸ்டரில் எடுங்கள்.

ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள ஸ்பீக்கர் பெட்டியாயின், அதன் பின்புறக் குமிழையும் பாருங்கள். நான்கு தந்திப் பேஸின் தாழ்ந்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. காதை உறுத்தும் சீறலோ ஆயிரக்கணக்கான ஹேர்ட்ஸில் இருப்பதால், ட்வீட்டரைக் குறைத்தாலும் பேஸின் கனம் குறையாது. கல்லடியில் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சிறு குமிழ்தான். தந்தியைப் பெருவிரலால் அடிக்கும் ஸ்லாப் முறையில் வாசிப்பவர்கள் மட்டும், ஒலியின் கூர்மை மழுங்குவதாகச் சற்று முகம் சுளிக்கக்கூடும்.