ஆமைக்கூண்டில் யுவிபி விளக்கு: உயரம், சூடு, அளவு

ஆமை, ஓணான் போன்ற ஊர்வனவற்றின் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவிபி (புற ஊதா ஒளியின் ஒரு வகை) கதிர் பட்டதும் அது டி3 வைட்டமினின் முன்வடிவமாகிறது. அங்கிருந்து டி3 ஆக மாறுவதற்கு ஒளி வேண்டாம், உடல் சூடு வேண்டும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்தினால்தான் குடல் கால்சியத்தை ஒழுங்காக உறிஞ்சும்.

அதனால் சூட்டு பல்பையும் யுவிபி டியூபையும் அருகருகே மாட்டுங்கள். ஆமை தேடிப் போவது சூட்டை. யுவிபி வேறு மூலையில் இருந்தால் அதன் கீழே போய் நிற்காது. நிலத்தாமை வெயில் காயும்போது கழுத்தை நீட்டி, கால்களைப் பரப்பிப் படுக்கும். அந்தத் தோல் முழுக்க ஒளி விழ வேண்டும். முழு உடலும் அடங்கும் அகலத்துக்கு ஒளி விழ, டி5 எனப்படும் ஒல்லியான, நீளமான டியூபே நல்லது. சுருள் பல்பின் ஒளி சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ரிஃப்ளெக்டருடன் கூடிய, 12 சதவீத யுவிபி என்று குறிக்கப்பட்ட டி5 டியூபை, நடுவில் வலை இல்லாமல், ஆமையின் முதுகிலிருந்து 40-45 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துத் தொடங்கலாம். பிறகு புற ஊதாக் கதிரின் வலிமையை எண்ணில் காட்டும் மீட்டரை (யுவி இண்டெக்ஸ் மீட்டர்) முதுகு மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். தரையில் வைத்து அளந்தால் குறைவாகக் காட்டும். வெயில் காயும் இனங்களுக்கு அந்த இடத்தில் 3 முதல் 5 வரை போதும். நிழலிலேயே வாழும் இனங்களுக்கு 1-க்குள் நிறுத்துங்கள். கூண்டின் மறுபக்கம் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும், ஒளிய இடமும் வேண்டும். ஒதுங்க வழியிருந்தால் எவ்வளவு நேரம் காய்வது என்பதை ஆமையே பார்த்துக்கொள்ளும்.

விளக்கு மேலிருந்துதான் ஒளிர வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் புருவ மேட்டின் நிழல் கிடைக்காமல் கண் நேரடியாகக் கதிரை வாங்கும். கண்ணை மூடியபடியே கிடக்கிறது, வீங்கியிருக்கிறது, தீனி எடுக்கவில்லை என்றால் விளக்கை உடனே அணைத்து, அளந்து பார்த்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதன் வழியே வரும் வெயில் சூடேற்றுமே தவிர டி3 தராது. கம்பி வலையும் அதன் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ விழுங்கும். ஒளி பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யுவிபி நம் கண்ணுக்குத் தெரியாது, டியூப் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யுவிபி தேய்ந்துபோகும். மீட்டர் இல்லாதவர்கள் டியூபில் தேதி எழுதி வைத்து ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடலாம்.

ஒளியால் டி3 நச்சளவுக்கு ஏறாது. மிஞ்சிய முன்வடிவம் தோலிலேயே லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என மாறிவிடும். தீனியில் தூவும் டி3 பொடிக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. நல்ல யுவிபி இருக்கும் கூண்டில், டி3 கலக்காத கால்சியம் பொடியையே பயன்படுத்துங்கள்.