டெண்டர் போடாமலே ஆர்டர் வந்தால்

சென்னிமலையில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. பெட்ஷீட், போர்வை, துண்டு ஓட்டுகிறோம். தறிப் பக்கம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், கணக்கும் போனும் என் பொறுப்பு. அதனால் அந்தப் போனை எடுத்ததும் நான்தான்.

"அம்மா, அரசு ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து பேசறேன். பெட்ஷீட் 2,000 வேணும், என்ன விலை?" என்றார். ஆன்லைனில் போட்டிருந்த 320 ரூபாயையே சொன்னேன். சரி என்றுவிட்டார். ஈரோட்டுச் சந்தையில் நாலு துண்டு வாங்குகிறவர்கூட ஐந்து ரூபாயாவது குறைத்துக் கேட்காமல் நகரமாட்டார். 6,40,000 ரூபாய்க்கு எடுக்கிறவர் பேரமே பேசவில்லை. வந்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் வாட்ஸப்பில் பர்ச்சேஸ் ஆர்டர் வந்தது. இ.எம்.டி., அதாவது டெண்டருக்கான முன்வைப்புத் தொகை, 2 சதவீதம் என்று 12,800 கட்டினேன். ஒரு வாரம் கழித்து செக்யூரிட்டி டெபாசிட் 5 சதவீதம், 32,000. மொத்தம் 44,800 ரூபாய். அதைவிடப் பெரிய அடி, ஓரத்தில் ஆஸ்பத்திரி பெயரை அச்சடிக்கச் சொன்னது. 300 பெட்ஷீட் அச்சடித்து முடித்திருந்தோம். பெயர் போட்ட பெட்ஷீட்டை வேறு யார் வாங்குவார்கள்? நூல் எடுத்த கடன் தனியாக நின்றது.

சாம்பிள் காட்டலாம் என்று பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கே போனபோதுதான் விஷயம் உடைந்தது. ஸ்டோரில் இருந்த பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்படி ஒரு போஸ்ட்டே இங்க இல்லைங்க" என்றார். பிறகு என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர்கள் அனுப்பும் ஒரு நிஜக் கடிதத்தை என்னுடையதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருந்ததிலும் கோபுரச் சின்னம் இருந்தது, ந.க.எண் என்ற கோப்பு எண் இருந்தது, பச்சை மைக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. இதெல்லாம் யாரும் போட்டுக்கொள்ளலாம். இல்லாதது ஒன்றுதான்: 'பார்வை'. அரசுக் கடிதத்தில் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று வரும். எந்த டெண்டர் அறிவிப்பு, நீங்கள் எந்தத் தேதியில் விலைப்புள்ளி (கொட்டேஷன்) கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் டெண்டரே போடவில்லை, விலைப்புள்ளியும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க அந்த மோசடிக்காரன் அங்கே எதை எழுதுவான்? அதனால் அந்த வரியையே விட்டுவிட்டான். ஆர்டர் என்று எது கைக்கு வந்தாலும் முதலில் 'பார்வை'யைப் படியுங்கள். அதில் உங்கள் பெயரில் போன தாள் ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா, அந்தத் தாளின் நகல் உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தறியில் பாவு நூல் ஏற்றாதீர்கள்.

அடுத்தது பணம் கேட்கும் வரிசை. இ.எம்.டி. என்பது டெண்டர் போடும்போதே அதோடு சேர்த்துக் கட்டுவது. செக்யூரிட்டி டெபாசிட்தான் டெண்டர் கிடைத்த பிறகு வரும். ஆர்டரைக் கொடுத்துவிட்டு இ.எம்.டி. கேட்பது, கல்யாணம் முடிந்தபிறகு பெண் பார்க்க வருவது மாதிரி. அரசுக்குக் கட்டும் பணம் டெண்டர் தளத்துக்குள்ளேயே போகும், அல்லது பதவியின் பெயரில், அலுவலகத்தின் பெயரில் டி.டி.யாகவோ பேங்க் கேரண்டியாகவோ போகும். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு ஒரு நாளும் போகாது. நான் கட்டியது ஒரு தனி ஆளின் சேவிங்ஸ் கணக்குக்கு. இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாக வங்கிப் பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் இருந்து வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்காமல் பணம் அனுப்பும் பட்டனைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசின் கொள்முதலில் இ.எம்.டி.யே கிடையாது, டெண்டர் படிவமும் இலவசம். 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கை அப்படிச் சொல்கிறது. உத்யம் பதிவுக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

சரி, நிஜ டெண்டர் எங்கே இருக்கும்? தமிழ்நாட்டு டெண்டருக்கு 'டிஎன் டெண்டர்ஸ்' தளம், மத்திய அரசுக்கு 'இ-புரொக்யூர்' தளமும், அரசு அலுவலகங்கள் ஆன்லைனில் பொருள் வாங்கும் 'ஜெம்' தளமும். முகவரியின் கடைசியைப் பாருங்கள், 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். எனக்கு வந்த மெயிலில் முன்னால் 'ஜிஓவி' இருந்தது, முடிவில் ஜிமெயில். ஆரம்பத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ட்ரூகாலரில் 'ஸ்டோர் ஆபீசர்' என்று வந்ததையும் நான் நம்பினேன். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அப்படி வரவைக்கலாம்.

டெண்டர் போடாமல் ஆர்டர் வரவே வராதா என்று கேட்டால், வரும். ஜெம்மில் சிறிய தொகைக்கு நேரடியாக வாங்குவார்கள். ஆனால் அந்த ஆர்டர் உங்கள் ஜெம் லாகினுக்குள்தான் தெரியும். வாட்ஸப்பில் மட்டும் வந்து லாகினில் இல்லையென்றால் அது ஆர்டரே இல்லை. சில அலுவலகங்கள் சின்னக் கொள்முதலுக்கு கொட்டேஷன் கேட்கும். கேட்டால் கொடுங்கள். கொட்டேஷன் கேட்கிறவர் பணம் கேட்கமாட்டார்.

போன் வந்தால் நான் இப்போது செய்வது இதுதான். பெயர், பதவி, அலுவலகம் கேட்டு எழுதிக்கொள்வேன். அவர் கொடுத்த நம்பரைக் கூப்பிட மாட்டேன். மாவட்ட இணையதளத்தில் அந்த அலுவலகத்தின் லேண்ட்லைன் நம்பரைத் தேடிப் பேசுவேன். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் என்றால் நேரிலேயே போய்விடுவேன். பஸ்ஸுக்கு ஆகிற காசு 44,800-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

ராணுவத்துக்குத் துண்டு வேண்டும், பணம் ஏற க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கள் என்று ஒரு கூட்டம் திரிகிறது. நமக்குப் பணம் வருவதற்கு நாம் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். அப்புறம், டெண்டர் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் பாஸ்வேர்டையும் விட்டுவைக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை யாராவது அடுத்தவர் வீட்டில் வைப்பார்களா?

பணம் போய்விட்டால், அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நான் வெட்கப்பட்டு நாலு நாள் வாய் திறக்கவில்லை. "வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்"னு நினைத்தேன். அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. சீக்கிரம் சொன்னால், பணம் எடுக்கப்படுவதற்கு முன் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. கூப்பிடும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: பணம் போன தேதி, நேரம், தொகை, பேங்க் மெசேஜில் வரும் யூடிஆர் நம்பர் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் எண்), போன கணக்கு எண், அவன் பேசிய நம்பர். வாட்ஸப் சேட்டை அழிக்க வேண்டாம். பிறகு சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிந்துவிடுங்கள், பேங்க் மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. ஸ்டோர்க்காரப் பெண் பென்சிலால் 'பார்வை எங்கே?' என்று எழுதிய நகலும் அதோடு இருக்கிறது. எங்கள் தெருவில் புதிதாகத் தறி போட்ட பையன் ஒருவன் போன மாதம் இதே மாதிரி ஒரு ஆர்டரோடு வந்தான். அவன் ஆர்டரையும் என் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, "இதைப் பாரு கண்ணு, அந்த வரி எங்க இருக்குது?" என்று கேட்டேன். அவன் தன் போனை எடுத்து, நூல்காரரிடம் சொல்லிவைத்திருந்த நூலை வேண்டாம் என்று சொன்னான்.