'அவ கர்மா' என்று சொல்லிவிடுவதற்கு முன்

துக்க வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாளோ, இந்தப் பாடு பட்டுட்டுப் போறா." உள்ளே மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். கர்மாவைப் பற்றிய தவறுகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

கர்மம் என்றால் செயல். தமிழில் அது கருமாதியாகவும், தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் "கருமம், கருமம்!" ஆகவும் ஆகிவிட்டதால் தண்டனை என்ற வாடை ஒட்டிக்கொண்டது. நூல்கள் வினையை மூன்றாகப் பிரிக்கின்றன. குதிரில் கிடக்கும் நெல் போலச் சேர்ந்திருப்பது சஞ்சிதம். அதிலிருந்து எடுத்து உலையில் போட்ட பங்கு பிராரத்தம். இந்தப் பிறவியில் உண்டு தீர்க்க வேண்டியது. இன்று விதைப்பது ஆகாமியம். தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொள்பவர் நடுவில் உள்ளதை மட்டும் பார்க்கிறார். "ஊழிற் பெருவலி யாவுள" என்ற அதே வள்ளுவர்தான் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (விடாமல் முயல்பவர் விதியையும் புறமுதுகிடச் செய்வார்) என்றும் சொன்னார்.

வினை தானாகவே பலன் தருமா என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லை. செயலிலிருந்து பிறக்கும் 'அபூர்வம்' என்ற ஆற்றலே பலனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது, வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவப் பள்ளியான மீமாம்சை. வினை சடம், அதற்கு அறிவில்லை, ஊட்டுவிப்பவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தம். "இந்து மதத்தில் சொல்லியிருக்கு" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் இடறுவது இங்கேதான்.

சொர்க்கம், நரகம் இரண்டையும் நிரந்தர விலாசமாக நினைப்பது அடுத்தது. புண்ணியம் தீர்ந்ததும் மண்ணுலகுக்குத் திரும்புகிறார்கள் என்கிறது கீதை (9:21). நரகத்துக்கும் அதே கணக்குத்தான். மீளாத நரகம் சிலருக்கு உண்டு என்ற துவைத ஆசாரியர் மத்வர் இதில் அபூர்வமான விலக்கு. மகாபாரதத்தின் கடைசிப் பருவத்தில், சொர்க்கத்துக்குப் போன தருமன் அங்கே துரியோதனன் ஜம்மென்று வீற்றிருப்பதைப் பார்க்கிறான். தம்பிகளும் திரௌபதியும் நரகத்தில். இந்திரன் சொல்லும் விளக்கம்: பாவம் மிகுந்தவன் முதலில் சொர்க்கத்தை அனுபவிப்பான், புண்ணியம் மிகுந்தவன் முதலில் நரகத்தைக் கடப்பான். தருமனுக்கே குழம்பிய கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுவிட முடியுமா?

பாதாளம் என்றால் நரகம் என்பதும் பிழை. ஈரேழு பதினான்கு உலகங்களில் கீழேழும் (அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம்) நாகர்களும் அசுரர்களும் செழிப்போடு வாழும் இடங்கள். பாகவதம் அவற்றை 'பிலசொர்க்கம்', அதாவது நிலத்தடிச் சொர்க்கம், என்கிறது. சுதலத்தில் மகாபலி ஆள, வாசலில் காவல் நிற்பவர் திருமால். நரகங்கள் வேறு, பாகவதம் 28 என்று தனியாகப் பெயர் சொல்கிறது.

'ஏழு ஜென்ம பந்தம்' என்று கல்யாண வீடுகளில் விரல்விட்டு எண்ணுகிறோம். "எழுபிறப்பும் தீயவை தீண்டா" என்ற குறளின் ஏழும் எழுவகைப் பிறப்பையே குறிப்பதாகக் கொள்ளும் உரை உண்டு: தேவர், மனிதர், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம். பழைய வெண்பாக் கணக்கில் மொத்தம் 84 லட்சம் யோனி பேதம், அதாவது பிறப்பு வகைகள். அதில் மனிதப் பங்கு 9 லட்சம், தாவரத்துக்கு 20 லட்சம். மாணிக்கவாசகரும் தாம் எடுத்த பிறவிகளைச் சொல்லும்போது புல்லிலிருந்துதான் தொடங்குகிறார்.