உயிர்த்த ஞாயிறு பற்றி வாசிகசாலையில் கூடிப் பேசுவதென்றால்

முதலில் ஒரு கரும்பலகை வேண்டும். அதை மூன்று நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தாக்கியவர்கள், தகவல் கிடைத்தும் தடுக்காதவர்கள், பிறகு பழி சுமந்தவர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதலுக்கு முதல் நிரலில் சஹ்ரான் ஹாஷிமும் அவரது குழுவும் வருவார்கள். இரண்டாவதில், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்த முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு உயரதிகாரிகளும். சிறிசேனவின் பங்குக்கு 10 கோடி ரூபாய் நட்டஈடு விதிக்கப்பட்டது. மூன்றாவதில், 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட முஸ்லிம் மக்கள்.

“முஸ்லிம்கள்தான் செய்தது” என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். எந்த நிரலில், யாருடைய பெயரை எழுதுவது என்று கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ் ஊருக்கு இந்தக் கேள்வி விளங்கும்.

பெரும்பாலும் கூட்டம் குழம்புவது அழைப்பில்தான். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவிலிருந்து ஒரேயொருவரைக் கூப்பிட்டு, கண்டனம் சொல்லச் சொல்வது அநியாயம். மூன்று நான்கு பேரை அழையுங்கள், பெண்களும் இருக்கட்டும். அவர்களும் கேள்வி கேட்கட்டும்.

1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய கதை கட்டாயம் எழும். அதற்குத் தொடக்கத்திலேயே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கடைசிக்குத் தள்ளினால் கோபமாகத்தான் வெடிக்கும்.

அரசியல்வாதி வந்தால் சபையில் இருத்துங்கள். அவர் முதலில் பேசினால் மற்ற எல்லோரும் அவருக்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விடும். கடைசியில் மூன்று நிமிடம் போதும்; ஒலிவாங்கியை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொடுக்காதீர்கள்.