ஆய்வுக் குறிப்பேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பதியாமல் விட்ட மாற்றம்

தேதி போடு, பக்க எண் போடு, கோப்புகளுக்கு இன்னொரு நகல் வை. ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கு இதையெல்லாம் யாராவது முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். இங்கே எழுதுவது அதற்கு அடுத்த படியில் நடக்கும் தவறுகளைப் பற்றி. ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான். தனியாக ஆய்வு செய்யும் மாணவர்களின் குறிப்பேடுகளில் இன்றும் அதே உருவில் வருகின்றன. கவனமாக உழைப்பவர்களின் ஏடுகளிலும் வருவதால்தான் எழுதத் தோன்றியது.

ரஃப் நோட்டை எறிந்துவிட்டு ஃபேர் நோட்டு எழுதுவது

பள்ளியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அளவீடுகளைக் கைக்குக் கிடைத்த தாளில் கிறுக்கிவிட்டு, இரவு உட்கார்ந்து அழகாகப் படியெடுப்பார்கள். படியெடுக்கும்போது 0.482 என்பது 0.428 ஆகும். ஒரு வரி விட்டுப்போய் அடுத்த வரியின் எண் மேலே ஏறும். இதைவிட ஆபத்தானது மனம் செய்யும் திருத்தம். ஐந்து அளவீடுகள் 12.1-ஐ ஒட்டியிருக்க ஆறாவது 13.7 என்று வந்திருந்தால், "சரியாகப் பார்க்கவில்லை போல" என்று கை அதைத் தாண்டிப் போய்விடும். அசல் தாள் குப்பைக்குப் போனபின் எதையும் சரிபார்க்க முடியாது.

அளவிடும் இடத்திலேயே, அந்த நிமிடமே, குறிப்பேட்டிலேயே எழுதுங்கள். கறை பட்டால் படட்டும். வேறு வழியின்றித் தனித்தாளில் எழுதினால் அந்தத் தாளையே ஏட்டில் ஒட்டி, ஓரத்தில் பாதி தாளிலும் பாதி பக்கத்திலும் விழும்படி கையெழுத்தும் தேதியும் போடுங்கள். சராசரியை மட்டும் எழுதிவிட்டுத் தனித்தனி அளவீடுகளை விடுவதும் இதே தவறுதான்.

"சின்ன மாற்றம்தானே" என்று பதியாமல் விடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது. மற்றவை ஒரு நாள் உழைப்பைக் கெடுக்கும். இது மாதக்கணக்கான உழைப்பைக் கெடுக்கும். கெட்டது தெரிவதும் எல்லாம் முடிந்து அறிக்கை எழுதும்போதுதான்.

உப்பு நீர் விதை முளைப்பை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் எளிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் உப்பு என்பதே மில்லிமோலார்; 0, 50, 100, 150 மில்லிமோலார் என நான்கு செறிவுகள். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44 என்பதால் 100 மில்லிமோலாருக்கு லிட்டருக்கு 5.84 கிராம். ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு பெட்ரி தட்டுகள், தட்டுக்கு 25 விதைகள், வடிதாளில் 5 மி.லி. கரைசல். முதல் நாள் பக்கத்தில் இவ்வளவும் திருத்தமாக இருக்கும்.

நான்காம் நாள் வடிதாள் காய்ந்திருக்கும். மாணவர் தட்டுக்கு 2 மி.லி. ஊற்றுவார். ஏட்டில் ஒன்றும் இருக்காது, இருந்தால் "ஈரப்படுத்தினேன்" என்ற ஒரே சொல். எதை ஊற்றினார்? ஆவியாகிப் போனது நீர் மட்டும். உப்பு முழுவதும் தட்டிலேயே இருக்கிறது. 5 மி.லி.யில் 2 மி.லி. போனால் மிஞ்சிய 3 மி.லி.யின் செறிவு ஏறத்தாழ 167 மில்லிமோலார். அதன்மேல் அதே 100 மில்லிமோலார் கரைசலை 2 மி.லி. ஊற்றினால் தட்டில் இருப்பது 140. காய்ச்சி வடித்த நீரை ஊற்றியிருந்தால் மறுபடியும் 100. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஆனால் அறிக்கையின் அட்டவணையில் இரண்டுமே "100 மில்லிமோலார்" என்றுதான் நிற்கும். எது நடந்தது என்று ஊற்றியவருக்கே ஒரு மாதம் கழித்து உறுதியாகத் தெரியாது.

ஏழாம் நாள் இன்னொன்று நடக்கும். விதையுறை பிளந்தாலே முளைத்ததாக எண்ணி வந்தவர், பிளந்தும் வளராத விதைகளைப் பார்த்துவிட்டு, முளைவேர் 2 மி.மீ. நீண்டால்தான் கணக்கு என்று மாற்றிக்கொள்வார். நல்ல முடிவு, வரையறை கறாராகிறது. ஆனால் அதை எழுதவில்லை. விளைவு, ஆறாம் நாள் 61 ஆக இருந்த எண்ணிக்கை ஏழாம் நாள் 52 ஆகிறது. முளைத்த விதை முளைக்காததாக மாற முடியாது. அட்டவணையைப் பார்க்கும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மாற்றம் செய்வது குற்றமே இல்லை. மாற்றமில்லாமல் நடந்த ஆய்வு என்று ஒன்று கிடையாது. செய்யும் நேரத்தில் அது வெளிப்படையாகத் தோன்றுவதால் எழுதத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். குழுவாகச் செய்யும் ஆய்வில் பக்கத்து மேசைக்காரருக்காவது நினைவிருக்கும். தனி ஆய்வில் குறிப்பேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மாற்றங்களுக்குத் தொடர் எண் கொடுங்கள். எப்போது, முன்பு எப்படி, இனி எப்படி, ஏன், எந்த மாதிரியிலிருந்து என்ற ஐந்தும் இருக்க வேண்டும். இப்படி:

"மாற்றம் 2. 2026-03-04, காலை 8.40. முன்பு: விதையுறை பிளந்தால் முளைப்பு. இனி: முளைவேர் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல். காரணம்: பிளந்த விதைகளில் 9 விதைகள் மூன்று நாளாகியும் வளரவில்லை. 16 தட்டுகளுக்கும் பொருந்தும். இன்று மட்டும் இரண்டு வரையறைப்படியும் எண்ணியிருக்கிறேன்."

கடைசி வரிதான் ஆய்வைக் காப்பாற்றும். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஒரு நாளாவது பாலம் இருந்தால் இரண்டு பகுதித் தரவையும் ஒப்பிட வழி கிடைக்கும். தராசை மாற்றுகிறீர்களா? ஒரே பொருளைப் பழையதில் பத்து முறை, புதியதில் பத்து முறை நிறுத்து எழுதுங்கள். சென்சார் மாற்றினால் ஒரு நாள் முழுக்க இரண்டையும் அருகருகே ஓட விடுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் வேண்டாம். விளைவு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

தரவு அட்டவணையில் "முறை எண்" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் அப்போது நடப்பிலிருந்த மாற்றத்தின் எண்ணை இடுங்கள். புதிய விதைப் பொட்டலம், புதிய ரசாயனப் புட்டி, மென்பொருளின் புதிய பதிப்பு, நிரலில் மாற்றிய ஒரு வரம்பு மதிப்பு எல்லாம் இதில் அடங்கும்.

ஒத்துவராத அளவீட்டை மறைப்பது

எண்ணெய்த் துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிகன், 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகளைத் தந்தார். அவை தேர்ந்தெடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாட்களில் ஆராய்ந்த துளிகள் முழுவதும் அவைதான் என்றும் எழுதினார். அவருடைய குறிப்பேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருப்பது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தெரியவந்தது. அவற்றை விட்டதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்ற விவாதம் நடக்க முடிவதே, அவர் அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருந்ததால்தான்.

ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். அடியில் இருக்கும் எண் படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். வெள்ளை மையைத் தொடவே வேண்டாம். கணினியில் என்றால் அந்த வரியை நீக்காமல் "விலக்கு" என்ற பத்தியில் குறியிடுங்கள்.

டேட்டா லாகர் தானே எழுதிக்கொள்ளும் என்று நம்புவது

அளவீடுகளைத் தானே பதியும் லாகரைச் செய்ய உதவும் சிறு மின்னணுப் பலகையான அர்டுயினோ உனோ R3-இல் நேரம் காட்டும் கடிகாரம் கிடையாது. இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று மட்டும் எண்ணும். மின்சாரம் நின்று வந்தால் சுழியத்திலிருந்து மறுபடி எண்ணும். தடையே இல்லாவிட்டாலும் 49.7 நாட்களில் எண்ணி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். கோப்பில் இரண்டு "0" இருந்தால் நடுவில் போனது பத்து நிமிடமா பத்து மணி நேரமா என்று கண்டுபிடிக்க முடியாது. டிஎஸ்3231 போன்ற, பேட்டரியுடன் கூடிய கடிகார மாட்யூலைச் சேர்த்து விடுங்கள்; அறை வெப்பநிலையில் அது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே விலகும். சேர்த்த பிறகும் நாளுக்கு ஒருமுறை கைக்கடிகார நேரத்தையும் லாகர் நேரத்தையும் ஏட்டில் அருகருகே எழுதுங்கள்.

03/04

மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? 2026-03-04 என்று எழுதுங்கள்.

அளவுகோல் இல்லாத புகைப்படம்

அளவுகோலும் மாதிரி எண்ணும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வெப்பத்தாள் அச்சு

கடை ரசீது போல வெப்பத்தாளில் வரும் அச்சு மங்கிவிடும். அன்றே நகலெடுத்து ஒட்டுங்கள்.

"70 சதவீதம் முடிந்தது"

வாராந்திர முன்னேற்ற அறிக்கையில் இந்த வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. எதில் 70? "16 தட்டுகளில் 11 எண்ணி முடிந்தது; 150 மில்லிமோலாரின் இரண்டாம் தட்டில் பூஞ்சை, விலக்கப்பட்டது" என்றால் வழிகாட்டி உடனே கேள்வி கேட்க முடியும். முயற்சி தோல்வியடைந்த நாட்களையும் இப்படியே எழுதுங்கள். "இன்று சரிவரவில்லை" என்பதை வைத்து மறுபடி முயல முடியாது. எந்தப் படியில், என்ன அளவில், என்ன ஆனது என்பது வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே 1832 முதல் தம் ஆய்வு நாட்குறிப்பின் பத்திகளுக்குத் தொடர் எண் இட்டார். அது 16,000-ஐத் தாண்டியது. பழைய பதிவைச் சுட்ட ஓர் எண் போதும். உங்கள் வார அறிக்கையின் ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் ஏட்டின் பக்க எண்ணையும், அந்த வாரம் நடந்த மாற்றங்களின் எண்களையும் போடுங்கள். ஒரு கூற்றுக்குப் பக்க எண் கிடைக்காவிட்டால், அறிக்கையை அனுப்புமுன் அதை எங்கிருந்து எழுதினீர்கள் என்று தேடிப் பாருங்கள்.