ஏசி போட்டதும் இறங்கிய முள்

நான் வாங்கப் பார்த்தது 2009 மாடல் பெட்ரோல் கார். ஓடியது 1,62,000 கிலோமீட்டர், கேட்ட விலை 95,000 ரூபாய். ஆர்சியை 5 வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். ஆனால் திருச்சி பால்பண்ணை சிக்னலில் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். துவாக்குடி வரை ஹைவேயில் ஓட்டினால் முள் பாதி அளவிலேயே அசையாமல் நிற்கும்.

முதல் மெக்கானிக், “ஹெட் கேஸ்கெட் போச்சு, 25,000 ஆகும்” என்றார். இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் சீல் அது; போனால் தண்ணீர் ஆயிலிலோ புகையிலோ கலக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் நிறமாக இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இன்னொருவர் சொன்னார் என்று ஓனர் சம்மதத்தோடு, ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். அதே கதைதான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாம் நாள் அதே சிக்னலில் புழுக்கம் தாங்காமல் ஏசியைப் போட்டேன். ஏசி போட்டால் இன்ஜினுக்குச் சுமை, முள் ஏறத்தானே வேண்டும்? இறங்கியது! ஏசி ஓடும்போது ரேடியேட்டர் ஃபேனும் கூடவே சுற்றும் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் ஃபேன் மோட்டார் நன்றாக இருக்கிறது, தண்ணீர் சூடானதும் அதை ஓடவிடும் சுவிட்ச்தான் செத்திருக்கிறது.

ரேடியேட்டரில் இருந்த அந்த சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தோம். சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்றியது.

புது சுவிட்ச் 650 ரூபாய். கூலன்ட் தனி. மறுநாள் ஏசி இல்லாமல் 20 நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை. டயர்கள் தேய்ந்திருந்ததைக் காட்டி 86,000-க்கு முடித்தேன்.